அஞ்சலையின் அக்கா மகன்

கண்ணு, இந்த மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்துவிடப் போவதாகப் போனில் சொன்னாய். அதைக் கொஞ்சம் நிறுத்தி வை. இதைப் படித்து முடித்துவிட்டு, கொடுப்பதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்துகொள். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்ததுமே நீ விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவாய். நானும் சரி, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. போன வாரம் வடக்குத்துக்குப் போய், நீ தங்கியிருந்த வீட்டில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தேன். அவர்களும் என்னிடம் ஒரு விஷயத்தைச் சொன்னார்கள். அதைக் கேட்ட பிறகு உன் மூன்றாவது அத்தியாயம் தேறாது என்று எனக்குத் தோன்றுகிறது. உன்னைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. திட்ட வேண்டிய இடம் வரும்போது திட்டிக்கொள்கிறேன்.

நீ மானிடவியல் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது நம் வீட்டில் நடந்ததெல்லாம் உனக்கு நினைவிருக்கும். பக்கத்து பிளாக் பையன்கள் எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கரூரிலிருந்து வந்திருந்த உன் பெரியப்பா, மனுசனைப் பற்றிப் படிக்க காலேஜ் எதற்கு, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தால் போதாதா என்று கேட்டார். உன் அப்பா மைன்ஸில் மண் வெட்டும் மெஷின் ஓட்டியே ரிட்டயர் ஆனவர்; அவருக்கு எந்தப் படிப்பானாலும் கடைசியில் ஒரு மெஷின் இருக்க வேண்டும். கடைவீதியில் யாராவது கேட்டால் "ஏதோ ரிசர்ச்சாம்" என்று சொல்லிவிட்டுத் தக்காளி விலைக்குப் போய்விடுவார். எனக்கு மட்டும் பிடித்திருந்தது, அதை அப்போது நான் உன்னிடம் சொல்லவில்லை. மைன்ஸுக்குள் போகிறவர்களுக்குப் பேர் பதிந்து கேட் பாஸ் போடுகிற டைம் ஆபீஸ் கவுன்ட்டரில் உட்கார்ந்துகொண்டு பேர் என்ன, அப்பா பேர் என்ன, எந்த ஊர் என்று வேலைக்குப் போன நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருவரைப் பற்றிக்கூட அதற்குமேல் எனக்கு எதுவும் தெரியாது. அதற்குமேல் தெரிந்துகொள்வதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது, அதை என் மகன் படிக்கிறான் என்பது எனக்கு நன்றாகவே இருந்தது.

களப்பணி என்று நீ சொன்னதும் உன் அப்பா அந்தமான் வரைக்கும் யோசித்துப் பயந்துபோனார். நீ வடக்குத்து என்றாய். டவுன்ஷிப் ஆர்ச் கேட்டைத் தாண்டி ரோட்டைக் குறுக்கே கடந்தால் வடக்குத்து. நான் கீரை வாங்கப் போகிற இடம். வீட்டிலிருந்தே சைக்கிளில் போய்வரலாமே என்று கேட்டதற்கு, கூடவே வாழ்ந்தால்தான் மனிதர்கள் தங்கள் வாழ்க்கையைக் காட்டுவார்கள் என்று பெரிய பாடம் எடுத்தாய். அஞ்சலை வீட்டு முன்னறையை வாடகைக்குப் பிடித்துப் பாயும் தலையணையுமாகப் போனாய். எதிர் குவார்ட்டர்ஸ் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அப்பாவோடு ஏதாவது மனஸ்தாபமா, இல்லை அந்தப் பக்கம் ஏதாவது பெண்ணா என்று கேட்டாள். ஆராய்ச்சி என்றேன். அவள் நம்பவில்லை; நான் அவள் இடத்தில் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை தோறும் அழுக்குத் துணியை மூட்டை கட்டி வந்து நம் வாஷிங் மெஷினில் போட்டுவிட்டுப் போவாய். கூடவே வாழ்வதில் அது எந்தக் கணக்கில் வரும் என்று நானும் கேட்கவில்லை.

உன் ஆய்வுக்கு அந்த வீடு ஏன் பிடித்திருந்தது என்று எனக்குப் புரிந்தது. இந்த ஊரில் ஆம்பிளைகளை நாங்கள் முதலில் பிரிப்பதே பெர்மனன்ட், கான்ட்ராக்ட் என்றுதான். மற்ற பிரிவெல்லாம் அதற்கப்புறம். அஞ்சலை முந்திரிக் கொட்டை உடைக்கப் போகிறவள். அவள் வீட்டுக்காரர் காசிநாதன் வாழ்நாள் முழுக்கக் கான்ட்ராக்டில் மண் வேலை பார்த்து இடுப்பு விட்டுப்போய் வீட்டில் இருக்கிறவர். மகன் வேல்முருகன் ஐடிஐ முடித்துவிட்டு அதே கான்ட்ராக்டில் கன்வேயர் பெல்ட்டில் நிற்கிறான். கான்ட்ராக்டில் இருக்கிற வீடுகளில் சொந்தபந்தம் எப்படி இருக்கிறது, யார் யாருக்குத் தோள் கொடுக்கிறார்கள் என்பது உன் கேள்வி. நல்ல கேள்விதான். அதைக் கேட்கப் போனவன் யாருடைய மகன் என்பதை மட்டும் நீ மறந்துவிட்டாய். உனக்கு நீ பல்கலைக்கழக மாணவன். வடக்குத்தில் நீ டைம் ஆபீஸ் அம்மாவின் பையன்.

நான் இந்தச் சித்திரையோடு ரிட்டயர் ஆகிறேன் என்ற செய்தி பரவியதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அஞ்சலையும் வேல்முருகனும் நம் குவார்ட்டர்ஸுக்கு வந்தார்கள். பையன் தோளில் ஒரு பெரிய பலாப்பழம். காடாம்புலியூரில் சொல்லிவைத்து வாங்கியதாம். நம் வீட்டுப் பின்பக்கமே பலா காய்த்துத் தொங்குகிறது, அது வாசலில் நிற்கும்போதே தெரியும். அப்படியும் ஒருவர் பலாப்பழம் கொண்டுவந்தால் பழத்துக்காக வரவில்லை என்று அர்த்தம். உட்காரச் சொன்னேன். காபி கொடுத்தேன். உன்னைப் பற்றி விசாரித்தாள், துரும்பாய் இளைத்துவிட்டாய் என்று வருத்தப்பட்டாள். அப்புறம் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டாள். "தம்பி எங்க வூட்டு வெவரம் எல்லாத்தையும் எழுதிக்கினு போயிட்டாருங்கம்மா. நீங்க வேலய வுட்டு வர்றதுக்குள்ள மேல ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா இவனுக்குப் பெர்மனன்ட் ஆயிடும். எங்களுக்கு ஒரே புள்ளைங்க. தம்பியே அப்படித்தான் எழுதியிருக்காரு."

நான் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "பார்க்கலாம்மா" என்றேன். ஆபீஸில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த பழக்கம். அவர்கள் போனபின் உன் மூன்றாவது அத்தியாயத்தை எடுத்தேன். நீ அனுப்பியிருந்தும் நான் அதுவரை முழுதாகப் படித்திருக்கவில்லை, ஆங்கிலம் அவ்வளவு கடினம். முதல் பக்கத்திலேயே, எட்டு மாதம் கூடவே இருந்ததில் உண்டான நம்பிக்கையினால் அந்த மக்கள் எதையும் மறைக்காமல் மனம் திறந்து பேசினார்கள் என்று எழுதியிருந்தாய். பலாப்பழம் கூடத்தில் கிடந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அது நிலைக்கவில்லை. நம் டவுன்ஷிப்பிலிருந்து ஒருவர் போய் உட்கார்ந்து, வீட்டில் எத்தனை பேர், மூத்தவர் யார், யார் என்ன படிப்பு, யார் எங்கே வேலை என்று கேட்டால், அவர்கள் வேறு எதை நினைப்பார்கள்? இதே கேள்விகளைத்தான் கவுன்ட்டருக்குப் பின்னாலிருந்து நான் கேட்டேன். கேட்டு முடித்ததும் கேட் பாஸ் கையில் கொடுப்பேன். பதில் சொன்னால் ஏதாவது ஒன்று கிடைக்கும் என்பதுதான் இங்கே பழக்கம். ஒன்றும் கொடுக்காமல் கேள்வி மட்டும் கேட்கிற மனிதனை வடக்குத்து அதுவரை பார்த்ததில்லை.

தொடர்ந்து படித்தேன். பெயர்களையெல்லாம் மாற்றியிருந்தாய். அஞ்சலையின் குடும்பத்தை வரைந்திருந்தாய்: ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், அவர்களுக்குக் கீழே தனியாக ஒரே முக்கோணம், அது வேல்முருகன். அப்புறம் பொங்கலுக்கு வந்த அவளுடைய அக்கா மகனைப் பற்றி ஒன்றரைப் பக்கம். முத்தாண்டிக்குப்பத்திலிருக்கும் அக்காவின் மகன், சென்னைப் பக்கம் கார் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். அவன் வந்ததும் வீடே மாறிப்போனதாக எழுதியிருந்தாய். குழம்பில் மீன் தலையைத் தன் மகனுக்குப் போடாமல் அவன் தட்டில் வைத்தாள். வேண்டாம் வேண்டாம் என்றவனைப் பிடித்து உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்த்தாள். அவன் கிளம்பியபோது பஸ் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் ரோட்டிலேயே நின்றாள். வேலை நிரந்தரமில்லாத வீடுகளில் ஒரு தாய் தன் அக்கா மகனையும் சொந்த மகனாகவே வைத்துக்கொள்கிறாள், நாளைக்கு ஒரு கை கூடுதலாக இருக்கட்டும் என்று சொந்தம் விரிந்துகொடுக்கிறது என்று முடித்திருந்தாய். உன் வழிகாட்டிப் பேராசிரியர் இந்த இடத்தைத்தான் புதியது, அருமையானது என்று பாராட்டினார் என்று நீ சொல்லியிருந்தாய். படித்தபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நம் கரூர்ப் பக்கம் அக்கா மகன் வந்தால் காபி கொடுப்போம், பரீட்சையில் எவ்வளவு மார்க் என்று கேட்போம், அவ்வளவுதான்.

உன் அப்பாவிடம் பலாப்பழ விஷயத்தைச் சொன்னேன். அவர் நிதானமாக யோசித்துவிட்டு, சும்மா இருந்துவிடு என்றார். நாம் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் கரூர் போய்விடுவோம், அவர்களாகவே புரிந்துகொள்வார்கள், பையன் பட்டம் வாங்கட்டும், அந்தப் புத்தகத்தை வடக்குத்தில் யார் படிக்கப் போகிறார்கள் என்றார். உன்மேல் உள்ள பாசத்தில் சொன்னதுதான். ஆனால் எனக்கு அது சரியாகப் படவில்லை. இத்தனை வருடத்தில் யாரையும் பெர்மனன்ட் ஆக்குகிற கையெழுத்து என்னிடம் இருந்ததில்லை. இல்லாததை இருக்கிறதென்று ஒரு குடும்பம் நம்பிக்கொண்டிருக்க, நான் பலாச்சுளை தின்றுவிட்டு ஊருக்குப் பஸ் ஏற முடியாது. வேல்முருகன் இதை நம்பியே வேறு வேலைக்கு எழுதிப்போடாமல் இருக்கிறானோ என்ற பயமும் இருந்தது. அதனால் போனேன்.

காசிநாதன் வாசலில் கயிற்றுக் கட்டிலில் இருந்தார். அஞ்சலை அன்று வேலைக்குப் போகவில்லை, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வேல்முருகன் ஷிஃப்டில் இருந்தான். நான் சுற்றி வளைக்கவில்லை. என்னால் யாருக்கும் வேலை வாங்கித்தர முடியாது, என் பையன் எழுதியது அவனுடைய பட்டத்துக்காக, அதற்கும் ஆபீசுக்கும் சம்பந்தமே இல்லை, அங்கே ஒருவரும் அதைப் பார்க்கப் போவதில்லை என்று சொன்னேன். காசிநாதன் எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் கோபம் இல்லை. நீ வந்த முதல் நாளே, நான் மாணவன், வேலைக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது என்று தெளிவாகச் சொன்னதாக அவரே சொன்னார். அதற்கப்புறமும் அடிக்கடி சொன்னாயாம். நீ இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல, மேலிடத்தில் ரகசியமாக விசாரிக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், வெளியே சொல்லக் கூடாது போலிருக்கிறது என்று தெருவே முடிவு கட்டிவிட்டதாம். சும்மா கதை கேட்பதற்காக ஒருவன் குவார்ட்டர்ஸை விட்டுவிட்டு வந்து இங்கே கொசுக்கடியில் படுப்பானா என்று பேசிக்கொண்டார்களாம். இதைக் கேட்டபோது, உன்மேல் குற்றம் சொல்ல முடியாது என்றுதான் நினைத்தேன்.

அஞ்சலை கீரையை அப்படியே விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். ஆக ஒன்றும் வராதா என்று கேட்டாள். வராது என்றேன். அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "அப்ப குமாரப் பத்திச் சொல்லிடலாமா?" என்றாள். அவர் தலை குனிந்துகொண்டார்.

அவள் சொன்னதை அவள் வாய்மொழியிலேயே எழுதுகிறேன். மறந்துவிடக் கூடாதென்று வீடு வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். "குமாரு எங்க பெரிய புள்ளைங்கம்மா. என் வயித்துல பொறந்தவன். கார் கம்பெனியில பெர்மனன்ட் ஆயிட்டான். வூட்டுல ஒருத்தன் பெர்மனன்ட்டா இருந்தா இன்னொருத்தனுக்குத் தர மாட்டாங்கன்னு தெருவுல சொன்னாங்க. அதான் ஒரே புள்ளன்னு சொல்லிட்டோம். பொங்கலுக்கு வரேன்னு நின்னான், தம்பி வூட்டுலயே இருக்காரு, இன்னா பண்றது? அக்கா மவன்னு சொல்லிட்டேன். சித்தின்னு கூப்புடுடான்னு நானே சொல்லிக் குடுத்தேன். வந்தன்னிக்கு ஒருதரம் அம்மான்னு வாயில வந்துடுச்சி, தம்பி பக்கம் பாத்துட்டு முழுங்கிட்டான். போற வரிக்கும் சித்தி சித்தின்னே கூப்புட்டுக்கினு இருந்தான்."

அதற்குப் பிறகு நடந்ததை அவள் அழாமல் சொன்னாள், என்னால்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஊர்த் திருவிழாவுக்குக் குமார் வரவில்லை. அந்த ஆள் காலி செய்துகொண்டு போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டான். நீ காலி செய்துவிட்டுப் போனபிறகும் வரவில்லை. வேல்முருகனுக்கு வேலை வேண்டுமென்றால் பெற்ற பிள்ளையையே இல்லையென்று எழுதிக்கொடுப்பாயா என்று ஒரு நாள் போனில் கேட்டானாம். மாசம் தவறாமல் பணம் அனுப்புகிறான். போன் செய்தால் எடுக்கிறான். "எடுத்தா, 'சொல்லு'ங்கறான். அம்மான்னு வரமாட்டேங்குது அவனுக்கு," என்றாள். காசிநாதன் எழுந்து உள்ளே போய்விட்டார்.

கண்ணு, திட்டுகிற இடம் இதுதான். ஒரு பையன் தன் தாயைச் சித்தி என்று கூப்பிடுகிறான், நீ பக்கத்தில் உட்கார்ந்து சித்தி என்று எழுதிக்கொண்டிருக்கிறாய். மீன் தலையைப் பார்த்தாய், எண்ணெய் தேய்த்ததைப் பார்த்தாய், ரோட்டில் நின்றதையும் பார்த்தாய். ஒன்றையும் விடாமல் எழுதியிருக்கிறாய், அதில் குறையே கிடையாது. நீயும் ஒருத்தி பெற்ற பிள்ளைதானே, அவள் சித்தி நிற்கிற மாதிரி நிற்கிறாளா, தாய் நிற்கிற மாதிரி நிற்கிறாளா என்று உனக்குத் தெரியவேண்டாமா? ஹாஸ்டலுக்கு உன்னை பஸ் ஏற்றிவிட்டு நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று நீ திரும்பிப் பார்த்ததில்லை போலிருக்கிறது. எனக்கு உன்மேல் கோபம் வந்தது. அஞ்சலையை நினைத்தால் வெட்கமாக இருந்தது. இரண்டும் இன்னும் முழுதாகப் போகவில்லை. அவர்கள் பொய் சொன்னார்கள், நான் எழுதினேன், இதில் என் தப்பு என்ன என்று நீ கேட்கலாம். தப்பைப் பற்றி நான் பேசவே இல்லை. நீ அந்த வீட்டில் இருந்ததால் அந்த வீட்டில் இது நடந்தது. நீ இல்லாவிட்டால் நடந்திருக்காது.

நான் கிளம்பும்போது அஞ்சலை வாசல்வரை வந்தாள். பலாப்பழத்துக்கு ஏதாவது கொடுக்கலாமென்று கைப்பையைத் திறந்தேன், அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். அப்போதுதான் அதைக் கேட்டாள். "வேலைக்கும் இல்லன்னா, எதுக்குங்கம்மா தம்பி எங்க கதைய எல்லாம் அத்தினி நாளு உக்காந்து கேட்டுக்கினு இருந்தாரு?" குத்திக்காட்டவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். பதில் சொல்ல நினைத்தேன். அறிவு வளரும், உங்களைப் போன்றவர்கள் வாழ்க்கை வெளியே தெரியும் என்று நீ சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது. அவள் முன்னால் நின்றுகொண்டு அதில் ஒன்றைக்கூட என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. தெரியலைம்மா, அவனிடமே கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அதனால் கேட்கிறேன். உன் படிப்பு வீண் என்று சொல்வதற்காக இல்லை. அவள் கேள்விக்குப் பதில் இருக்கும், இருக்க வேண்டும், நீ தேடினால் கிடைக்கும் என்றுதான் இன்னும் நம்புகிறேன். ஆனால் அந்தப் பதிலைப் பேராசிரியரிடம் சொல்வதற்கு முன்னால் அவளிடம் சொல்ல வேண்டும். அத்தியாயத்தை மாற்றினால் ஒரு வருடம் தள்ளிப்போகலாம், உதவித்தொகை நின்றுவிடலாம். பேராசிரியர் பாராட்டியதும் அந்த ஒன்றரைப் பக்கத்தோடு போய்விடும். மாற்றாமல் கொடுத்தால் யாருக்கும் தெரியாது; உன் அப்பா சொன்னது அந்த மட்டில் சரிதான். இரண்டில் எதைச் செய்தாலும் நான் உனக்குச் சோறு போடுவேன். முதலாவதைச் செய்தால் கொஞ்சம் சந்தோஷமாகப் போடுவேன்.

வருவதாக இருந்தால் நேரே இங்கே வராதே. முதலில் குமாரைப் போய்ப் பார். அவன் போன் நம்பரை வேல்முருகன் உனக்கு அனுப்புவான், சொல்லிவைத்திருக்கிறேன். ஷிஃப்ட் முடிந்து வரும்வரை கம்பெனி வாசலில் காத்திரு. பேனாவைப் பையில் வை, அவனை எதுவும் கேட்காதே. அவன் திட்டினால் வாங்கிக்கொள். அவன் யார் மகன் என்பதைத் தப்பாக எழுதிவிட்டதாக நீயே உன் வாயால் அவனிடம் சொல். அவன் வீட்டுக்கு வருவானா மாட்டானா என்பது அவன் இஷ்டம், அதில் உனக்கும் எனக்கும் உரிமை கிடையாது.

முன்னறை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, தம்பி எப்போது வேண்டுமானாலும் வந்து தங்கலாம் என்று காசிநாதன் எனக்குப் போன் செய்து சொன்னார். அஞ்சலை பக்கத்தில்தான் இருந்தாள். போனை அவளிடம் கொடுக்கச் சொன்னேன், வாங்கவில்லை.